டிஃபென்ஸ் ஆடுறவங்களாலதான் டென்னிஸ் போரடிக்குதா?

பால்கனி_டிக்கெட்

மக்களே, ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்த விஷயம் இது. சண்டை இழுக்க கேக்கல, உண்மையாவே மத்தவங்களுக்கும் இப்படி தோணுதான்னு தெரிஞ்சுக்கத்தான்.

நான் டென்னிஸ் பாக்க ஆரம்பிச்சது சாம்ப்ராஸ், ராஃப்டர் காலத்துல. சர்வ் போட்ட கையோட ஆளு நெட்டுக்கு ஓடி வந்துருவான், ஒண்ணு வாலி, அதாவது பந்து தரையில படுறதுக்கு முன்னாடியே அடிச்சு முடிப்பான், இல்ல பக்கத்துல பந்து பறக்குறத வேடிக்கை பாத்துட்டு ராக்கெட்ட சுத்திகிட்டே திரும்பி நடப்பான், எப்படியும் சட்டுன்னு ஒரு முடிவு தெரிஞ்சிரும். இப்ப என்னடான்னா ரெண்டு பேரும் பேஸ்லைனுக்கு (கோர்ட்டோட கடைசி கோடு) பின்னாடி போயி நின்னுகிட்டு குறுக்கால கிராஸ் கோர்ட், மறுபடி கிராஸ் கோர்ட், மறுபடியும் அதே கிராஸ் கோர்ட், எவனாச்சும் ஒருத்தன் நெட்டுல அடிக்கிற வரைக்கும் இதே கதைதான். ரஷ்யாக்காரன் மெத்வதேவ் ரிட்டர்ன் வாங்குறப்ப, அதாவது எதிராளி சர்வ திருப்பி அடிக்கிறப்ப, எங்க நிக்கிறான்னு பாருங்க, பின் சுவருல சாஞ்சுக்காத குறைதான், டிவில ஆளே பாதிதான் தெரியுறான்.

2012 ஆஸ்திரேலியன் ஓப்பன் ஃபைனல், ஜோகோவிச்சும் நடாலும், 5 மணி 53 நிமிஷம், கிராண்ட் ஸ்லாம் (வருஷத்தோட நாலு பெரிய டோர்னமென்ட்டு) ஃபைனல்லயே அதான் நீளமானது. பரிசு குடுக்குற நேரத்துல நிக்க முடியாம ரெண்டு பேருக்கும் சேர் கொண்டாந்து போட்டாங்க. எல்லாரும் காவியம்னு சொல்றாங்க, எனக்கு நடுவுல கண்ணு சொருகிருச்சு. அடுத்த வருஷம் அதே ஊர்ல சிமோனும் மான்ஃபில்ஸும் 71 ஷாட் ராலி (ஒரு பாயின்ட்டு முடியுற வரைக்கும் மாறி மாறி அடிக்கிறது) ஒண்ணு ஆடினாங்க, யூடியூப்ல இருக்கு, பாதிக்கு மேல ஸ்லைஸ (பந்துக்கு அடியில வெட்டி மெதுவா விடுறது) தட்டி தட்டி விடுறதுதான், ப்ராக்டீஸ் மாதிரி இருக்கும்.

டிஃபென்ஸுக்கும் திறமை வேணும், ஃபிட்னஸ் வேணும், அதெல்லாம் ஒத்துக்குறேன். ஆனா பாக்குறவனுக்கு என்ன இருக்கு அதுல? இந்த ஸ்டைலாலதான் ப்ரோ டென்னிஸோட சுவாரஸ்யம் குறைஞ்சு போச்சுன்னு நெனைக்கிறேன். நீங்க என்ன சொல்றீங்க?

தொண்ணூறு_மைல்

ப்ரோ, 90ஸ் மேட்ச்ச எல்லாம் நாம ஹைலைட்ஸாத்தான் ஞாபகம் வெச்சிருக்கோம், அதான் பிரச்சனை. ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து 1994 விம்பிள்டன் ஃபைனல முழுசா ஓட்டி பாருங்க, சாம்ப்ராஸ் - இவானிசெவிச், 7-6 7-6 6-0. சர்வ், அவுட்டு. சர்வ், ரிட்டர்ன் நெட்டுல. ஏஸ், அதாவது எதிராளி தொடவே முடியாத சர்வ். சர்வ், ஒரு வாலி, முடிஞ்சுது. முதல் ரெண்டு செட்டுலயும் ராலின்னு சொல்ற மாதிரி ஒண்ண தேடித்தான் பிடிக்கணும். அப்ப எல்லாரும் என்ன புலம்புனாங்க தெரியுமா, டென்னிஸ் செத்துப்போச்சு, சர்வ் மட்டும்தான் மிச்சம், எதாவது பண்ணி வேகத்த குறைங்கடான்னு. குறைச்சாங்க. இப்ப ஐயோ ராலி நீளமா இருக்கேன்னு புலம்புறோம்.

இன்னொண்ணு, அட்டாக்னாலே சுவாரஸ்யம்னா 2010 விம்பிள்டன் இஸ்னர் - மஹூ மேட்ச்தான் உலகத்துலயே பெஸ்ட்டு மேட்ச்சா இருக்கணும். ரெண்டு பேரும் சேர்ந்து இருநூறுக்கு மேல ஏஸ் அடிச்சாங்க, அஞ்சாவது செட் 70-68, மூணு நாள் ஓடுச்சு. ஸ்கோர்போர்டே குழம்பி நின்னு போச்சு. அத ஒரு அதிசயமா வேணா பாக்கலாம், டென்னிஸா உக்காந்து பாத்தவன் எத்தன பேர்?

ஸ்ட்ரிங்_மாஸ்டர்

ரெண்டு பேருமே ஆட்டக்காரன குத்தம் சொல்றீங்க, பாவம் அவன் என்ன பண்ணுவான். அவன் கையில இருக்குற சாமானும் காலுக்கு கீழ இருக்குற தரையும் என்ன ஆட சொல்லுதோ அததான் ஆடுவான். நான் ராக்கெட்டுக்கு ஸ்ட்ரிங் போடுறவன், அதனால இத கொஞ்சம் இழுத்து சொல்றேன், பொறுத்துக்கோங்க.

பழைய மேட்ச்ல ஒண்ண கவனிச்சிருக்கீங்களா, ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் நடுவுல சாம்ப்ராஸ், அகாஸி எல்லாரும் குனிஞ்சு ராக்கெட்டோட ஸ்ட்ரிங்க வெரலால நேர் பண்ணிகிட்டே இருப்பாங்க. நிறைய பேரு அத ஏதோ பழக்கம்னு நெனைக்கிறாங்க. அந்த காலத்து நேச்சுரல் கட் (மாட்டு குடல்ல செய்யுற ஸ்ட்ரிங்), இல்லன்னா நைலான் ஸ்ட்ரிங், டாப்ஸ்பின் (பந்து முன்னாடி பாத்து சுத்துற அடி) அடிச்சா நெடுக்க இருக்குற ஸ்ட்ரிங் நகந்துரும், நகந்த எடத்துலயே நின்னுக்கும், ஆளு கையால தள்ளித்தான் சரி பண்ணனும். இப்ப வர்ற பாலியஸ்டர் ஸ்ட்ரிங்க வெரலால தள்ளி விட்டு பாருங்க, டப்புன்னு சத்தத்தோட பழைய எடத்துக்கு வந்துரும். பந்து ஸ்ட்ரிங்ல ஒட்டியிருக்குற அந்த துளி நேரத்துலயே இதுவும் நடக்குது, போயிட்டு திரும்பி வர்றப்ப பந்த தேச்சு சுத்தி விட்டுருது. டாப்ஸ்பின் எகிறிருச்சு.

இதுக்கும் டிஃபென்ஸுக்கும் என்ன சம்பந்தம்னா, முன்னாடியெல்லாம் ஓரத்துல ஓடிப்போயி கைய நீட்டி பந்த எடுக்குறவன் லாப் போடுவான், அதாவது உயரமா தூக்கி விடுவான், இல்ல ஸ்லைஸ் பண்ணி சும்மா மிதக்க விடுவான், ஏன்னா முழு வீச்சுல அடிச்சா வெளிய போயிரும். நெட்டுல நிக்கிறவனுக்கு அது அல்வா. இப்ப அதே எடத்துல இருந்து முழு பலத்தோட சுத்தலாம், பந்து நெட்ட தாண்டின உடனே தலைய கவுத்துகிட்டு உள்ள விழுந்துரும், நெட்டுல நிக்கிறவன் காலடியில. 1997ல குவெர்தன் இந்த ஸ்ட்ரிங்க போட்டுகிட்டு 66வது ரேங்க்ல இருந்து வந்து ஃப்ரெஞ்சு ஓப்பன் தூக்கிட்டு போனதுக்கு அப்புறம் எல்லாரும் இந்த பக்கம் வந்துட்டாங்க. ஆக நெட்டுக்கு ஓடி வர்றது வீரம்ங்குறது போயி முட்டாள்தனம்னு ஆயிருச்சு.

அடுத்து புல்லு. விம்பிள்டன்ல 2001ல இருந்து முழுக்க ரைகிராஸ், முன்னாடி அதுல 30 சதவீதம் வேற புல்லு கலந்திருந்துச்சு. வேகத்த குறைக்கணும்னு மாத்தலை, புல்லு தேயாம தாங்கணும்னுதான் மாத்தினோம்னு அவங்க சொல்றாங்க, சரி. ஆனா தரை கெட்டியாச்சு, பந்து வழுக்கிகிட்டு கீழ போறதுக்கு பதிலா மேல எழும்புது. 2001 ஃபைனல் இவானிசெவிச் - ராஃப்டர், ரெண்டு பேரும் நெட்டு. 2002 ஃபைனல் ஹ்யூவிட் - நல்பாந்தியன், ரெண்டு பேரும் பேஸ்லைன். ஒரே வருஷ இடைவெளி!

இப்ப எந்த ஊருக்கு போனாலும் கோர்ட்டு ஒரே மாதிரி இருக்குன்னு ஆடுறவங்களே சொல்றாங்க. 2025ல ஃபெடரர் சொன்னாரு, டோர்னமென்ட் நடத்துறவங்க பெரிய ஆளுங்க கடைசி வரைக்கும் வரணும்னு கோர்ட்ட ஸ்லோவா வெச்சுக்குறாங்கன்னு, ஸ்வெரவும் அதையே பேசினாரு. காமெடி என்னன்னா நீங்க திட்டுற மெத்வதேவே 2023ல அமெரிக்காவுல இண்டியன் வெல்ஸ் டோர்னமென்ட்ல கோர்ட்டு ஸ்லோவா இருக்கு, இதெல்லாம் ஹார்ட் கோர்ட்டே (சிமென்ட் மாதிரி கெட்டி தரை) இல்லன்னு அம்பயர்கிட்ட கத்திகிட்டே ஆடினான். டிஃபென்ஸ் ஆடுறவனுக்கே ஸ்லோ கோர்ட்டு பிடிக்கல பாருங்க.

பால்கனி_டிக்கெட்

@ஸ்ட்ரிங்_மாஸ்டர் அண்ணா, அந்த ஸ்ட்ரிங் நேர் பண்ற மேட்டர் செம, சாம்ப்ராஸ் அப்படி பண்றத எத்தனையோ தடவ பாத்திருக்கேன், ஸ்டைலுக்கு பண்றான்னு நெனச்சுகிட்டு இருந்தேன். ஆனா நீங்க சொன்னது என் பக்கம்தான வருது? காரணம் ஆளா இருந்தா என்ன, ஸ்ட்ரிங்கா இருந்தா என்ன, கடைசியில எனக்கு முன்னாடி நடக்குறது அதே ஆட்டம்தான.

@தொண்ணூறு_மைல் இஸ்னர உதாரணம் காட்டுறது போங்காட்டம். நான் கேக்குறது ஏஸ் இல்ல, பாயின்ட்ட ஜெயிக்கணும்னு ஒரு முயற்சி.

கோர்ட்_நம்பர்_ரெண்டு

லேடீஸ் டென்னிஸ யாருமே பேசல, எப்பவும் போல. 😏

2018 ஆஸ்திரேலியன் ஓப்பன் ஃபைனல் பாத்தீங்களா யாராச்சும்? வோஸ்னியாக்கி - ஹாலெப். ரெண்டு பேருமே டிஃபென்ஸ்க்கு பேர் போனவங்க, ரெண்டு பேருமே நம்பர் ஒன் ஆனவங்க, ரெண்டு பேர் கையிலயும் அதுவரைக்கும் ஒரு ஸ்லாம் கூட இல்ல. வோஸ்னியாக்கி 2010லயே நம்பர் ஒன் ஆயிட்டா, அப்ப இருந்து கமென்ட்ரி பாக்ஸ்ல உக்காந்தவங்க எல்லாம் இவ சும்மா பந்த திருப்பி போடுறவ, ஸ்லாம் ஜெயிக்க மாட்டான்னு பேசிப் பேசியே ஓட்டிட்டாங்க. பால்கனி அண்ணா கணக்குப்படி இந்த ஃபைனல் தாலாட்டா இருந்திருக்கணும். ஆனா மூணாவது செட்டுல ரெண்டு பேரும் கால் நடுங்க நடுங்க ஆடினாங்க, 7-6 3-6 6-4, மேட்ச் முடிஞ்சு ஹாலெப ஆஸ்பத்திரிக்கு கொண்டு போற அளவுக்கு உடம்புல தண்ணி வத்திருச்சு. நான் சோஃபாவுல உக்காரவே இல்ல.

அதுல ஏன் போரடிக்கலன்னு யோசிச்சா, டிஃபென்ஸ்னு நாம ஒரே டப்பாவுல போட்டு மூடுறதுக்குள்ள எவ்ளோ வகை இருக்கு. கெர்பர பாருங்க. பந்து வேகமா காலடியில வந்து விழும், வேற யாரா இருந்தாலும் ரெண்டடி பின்னாடி போவாங்க, இவ பின்னாடி போகாம அப்படியே குத்த வெச்சு உக்காருவா, முட்டி தரையில இடிக்கிற மாதிரி, அங்க இருந்து லைனோரமா அடிப்பா. எதிராளியோட வேகத்த வெச்சே அவங்களுக்கு திருப்பி குடுக்குறது. 2016 ஆஸ்திரேலியன் ஓப்பன் ஃபைனல்ல செரினாவ இப்படித்தான் சாய்ச்சா, 6-4 3-6 6-4. அது டிஃபென்ஸா அட்டாக்கா நீங்களே சொல்லுங்க.

ராட்வான்ஸ்காகிட்ட பவரே கிடையாது, செகண்ட் சர்வ நானே திருப்பி அடிச்சிருவேனோன்னு இருக்கும் (மாட்டேன், சும்மா சொல்றேன்). ஆனா ரசிகர்கள் ஓட்டு போட்டு தேர்ந்தெடுக்குற வருஷத்தோட பெஸ்ட் ஷாட்ட அவதான் திரும்பத் திரும்ப அள்ளிட்டு போனா. எல்லாம் மாட்டிகிட்ட எடத்துல இருந்து தப்பிச்ச ஷாட்டுங்க. ஓடி ஒதுங்கி நிக்கிறவகிட்டதான் அந்த மாதிரி ஷாட்டே பொறக்கும், முதல் அடியிலயே முடிக்கிறவகிட்ட அதுக்கு வேலையே வராதே.

கேலரி_கிறுக்கன்

நான் ஒண்ணு சொல்றேன், பாதி தப்பு கேமரா மேல.

டிவில காட்டுற அந்த பேஸ்லைனுக்கு பின்னாடி உயரத்துல இருந்து எடுக்குற ஆங்கிள் இருக்கே, அதுல கோர்ட்டு அமுங்கி சின்னதா தெரியும், பந்து நெட்டுக்கு மேல எவ்ளோ உயரத்துல போவுதுன்னு தெரியாது, எழும்பி தோளுக்கு மேல வர்றது தெரியாது, ஓடுறவன் எவ்ளோ தூரம் ஓடுறான்னும் தெரியாது. அட்டாக் பண்றவனுக்கு அந்த ஆங்கிள் பிரச்சனை இல்ல, பந்து லைன்ல பட்டு போயிருச்சுன்னா எந்த ஆங்கிள்லயும் புரிஞ்சிரும். டிஃபென்ஸ் ஆடுறவனோட உழைப்பு மொத்தமும் அந்த ஆங்கிள்ல அடிபட்டு போயிருது. அதே பாயின்ட்ட சைடுல, தரையோட தரையா வெச்ச கேமரால ரீப்ளே போடுவாங்கல்ல, அப்பதான் அட பாவி இத எப்படிடா எடுத்தான்னு இருக்கும்.

இதுக்கு நம்ம ஊருலயே சாட்சி இருக்கு. 2008 ஜனவரி, நுங்கம்பாக்கம் ஸ்டேடியம், சென்னை ஓப்பன் செமிஃபைனல், நடால் - மோயா. நான் உள்ள இருந்தேன். மோயா ஃபோர்ஹேண்ட பிளந்து கட்டுறான், நடால் அப்ப இருந்த நடால், இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஓடி ஓடி எல்லாத்தையும் திருப்பி போடுறான். மூணு செட்டும் டை பிரேக்கு (6-6 ஆனா செட்ட முடிக்கிற கூடுதல் கேம்), 6-7 7-6 7-6, ரெண்டாவது செட்டுல மேட்ச் பாயின்ட்டெல்லாம் காப்பாத்தி வந்தான், கிட்டத்தட்ட நாலு மணி நேரம். கீழ உக்காந்து பாத்தா அவன் ஷூ கிறீச்சுறது, மூச்ச இழுத்து விடுறது எல்லாம் கேக்கும், ஒவ்வொரு பந்துக்கும் இது முடிஞ்சுதுன்னு ஜனம் பாதி எந்திரிக்கும், பந்து திரும்ப வரும், மறுபடி உக்காரும். போரா? கூட்டம் கத்துன கத்துல எனக்கு ரெண்டு நாளைக்கு தொண்ட கட்டிக்கிச்சு.

அதோட மறுநாள் கதையும் இருக்கு. ஃபைனல்ல யூஸ்னிகிட்ட 6-0 6-1ன்னு தோத்தான் நடால். கால்ல ஒண்ணுமே மிச்சம் இல்ல. டிஃபென்ஸ்க்கு வெல என்னன்னு அன்னிக்கு தெரிஞ்சுது. அட்டாக்குக்குதான் ரிஸ்க்கு, டிஃபென்ஸ் சேஃப்னு பேசுறவங்க இத கொஞ்சம் யோசிங்க, ஒருத்தன் பாயின்ட்டுல ரிஸ்க் எடுக்குறான், இன்னொருத்தன் மொத்த வாரத்துலயும் ரிஸ்க் எடுக்குறான்.

ஒத்தக்கை_பேக்ஹேண்ட்

எல்லாரும் சேர்ந்து பால்கனிய அமுக்குறீங்க, அவருக்கு சப்போர்ட்டா ஒரு ஆளாச்சும் வேணும்ல.

1984ல அமெரிக்காவுல ரிச்மண்ட்ங்குற ஊர்ல ஒரு லேடீஸ் மேட்ச், விக்கி நெல்சன் - ஜீன் ஹெப்னர். ஒரே ஒரு பாயின்ட்டு 29 நிமிஷம். 643 ஷாட்டு. எழுத்துப்பிழை இல்ல, 643தான். மேட்ச் 6-4 7-6, வெறும் ரெண்டு செட்டு, 6 மணி 31 நிமிஷம். ரெண்டு பேரும் உயரமா லாப் மாதிரி தூக்கி தூக்கி போட்டுகிட்டே இருந்தாங்க, யாரும் முன்னாடி வரல, யாரும் கோர்ட்ட திறக்கல. கோர்ட்_நம்பர்_ரெண்டு, கேலரி, நீங்க ரெண்டு பேரும் சொன்ன மேட்ச்ல எல்லாம் ஒரு ஆளாச்சும் கேள்வி கேட்டுகிட்டே இருந்தான்/ள், அடுத்த ஆளு பதில் சொல்லிகிட்டே இருந்தா. கேள்வியே கேக்காம ரெண்டு பேரும் பதில் மட்டும் சொல்லிகிட்டு இருந்தா அதான் ரிச்மண்ட். அந்த வியாதியோட லேசான அறிகுறி இன்னிக்கும் நிறைய மேட்ச்ல இருக்கு, முக்கியமா சின்ன டோர்னமென்ட்ல முதல் ரவுண்டு ரெண்டாவது ரவுண்டு க்ளே, அதாவது மண் கோர்ட்டுல.

நீளத்துக்கும் சுவாரஸ்யத்துக்கும் சம்பந்தமே இல்லங்குறதுக்கு இன்னொண்ணு. பாரிஸ்ல, ஃப்ரெஞ்சு ஓப்பன்ல, நீளமான ஃபைனல்ங்குற ரெக்கார்டு 1982ல இருந்து விலாண்டர் - விலாஸ் மேட்ச்கிட்டதான் இருந்துச்சு, 4 மணி 42 நிமிஷம், 1-6 7-6 6-0 6-4. நாலு செட்டுக்கே அவ்ளோ நேரம்னா ஒவ்வொரு பாயின்ட்டும் எப்படி போயிருக்கும்னு பாத்துக்கோங்க. விலாண்டருக்கு 17 வயசு, அந்த வயசுல ஜெயிச்சது பெரிய விஷயம், அதுக்குத்தான் அத ஞாபகம் வெச்சிருக்காங்க, ஆட்டத்துக்கு இல்ல. 2025ல அல்காரஸ் - சின்னர் அந்த ரெக்கார்ட உடைச்சுது, 5 மணி 29 நிமிஷம், அல்காரஸ் மூணு சாம்பியன்ஷிப் பாயின்ட்ட காப்பாத்தி ஜெயிச்சான். நான் அத ரெண்டு தடவ முழுசா பாத்துட்டேன். ரெண்டுமே க்ளே, ரெண்டுமே பேஸ்லைன். வித்தியாசம் என்னன்னா அல்காரஸும் சின்னரும் ஓரத்துல மாட்டிகிட்டு ஓடுறப்ப கூட அடுத்த ஷாட்டுலயே ஆட்டத்த திருப்புறாங்க, பதுங்குறதும் பாயுறதும் ஒரே அசைவுல நடக்குது. விலாஸ் காலத்துல பதுங்கிட்டே இருக்கலாம், அவசரமில்ல.

அதனால பால்கனி, உங்களுக்கு போரடிக்கிறது டிஃபென்ஸ் இல்ல, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆளுங்க ஆடுற மேட்ச்னு நான் நெனைக்கிறேன். 1994 ஃபைனலும் அதே நோய்தான், ரெண்டு சர்வர். 71 ஷாட்டும் அதே நோய்தான்.

சும்மா_எட்டிப்பாத்தேன்

டென்னிஸ் எனக்கு அவ்ளோவா தெரியாது, ஆனா இதே சண்டைய கிரிக்கெட்ல பூஜாரா பேர சொல்லி எத்தன வருஷம் போட்டோம். 2021 ஆஸ்திரேலியாவுல கப்பா டெஸ்ட்டு, கடைசி நாளு, 211 பந்து, 56 ரன்னு, ஹெல்மெட்ல வாங்கினான், வெரல்ல வாங்கினான், நெஞ்சுல வாங்கினான். அன்னிக்கு பாத்துகிட்டு இருந்தவன் ஒருத்தன் கூட சேனல மாத்தல. அப்புறம் பண்ட் வந்து அடிச்சான். பூஜாரா இல்லாம பண்ட் ஏது.

தொண்ணூறு_மைல்

^ கரெக்டு. ஆனா அதே பூஜாரா டிராவுக்கு ஆடுறப்ப நான் தூங்கியிருக்கேன், அதையும் சொல்லிடணும் 😂

ஒத்தக்கை சொன்னதோட ஒண்ணு சேத்துக்குறேன். ஷாட்ட எண்ணி கணக்கு போடுறவங்க சொல்ற விஷயம், இப்ப இருக்குற டூர்லயே ஆம்பளைங்க மேட்ச்ல சுமார் 70 சதவீதம் பாயின்ட்டு நாலு ஷாட்டுக்குள்ள முடிஞ்சிருது. சர்வ், ரிட்டர்ன், அப்புறம் ஆளுக்கு ஒரு ஷாட்டு, அவ்ளோதான். ஒம்பது ஷாட்ட தாண்டுறது பத்துல ஒண்ணு. எப்ப பாத்தாலும் ராலின்னு நமக்கு தோணுறது அந்த பத்துல ஒண்ணு மனசுல ஒட்டிக்கிறதாலதான். 2013 யூஎஸ் ஓப்பன் ஃபைனல்ல நடால் - ஜோகோவிச் ஆடின 54 ஷாட் ராலி, ரெண்டாவது செட்டுல, எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. அந்த பாயின்ட்ட ஜெயிச்சது ஜோகோவிச், ஸ்டேடியமே எந்திரிச்சு நின்னுச்சு. மேட்ச ஜெயிச்சது நடால். அன்னிக்கு மத்த பாயின்ட்டு எப்படி முடிஞ்சுதுன்னு கேட்டா ஒருத்தனுக்கும் தெரியாது.

மெத்வதேவ வெறும் டிஃபென்ஸுன்னு சொல்றதும் எனக்கு ஒத்துவரல. ஆறரை அடி ஆளு, சர்வ் எப்படி வருதுன்னு பாருங்க, 2021 யூஎஸ் ஓப்பன் ஃபைனல்ல காலண்டர் ஸ்லாம், அதாவது ஒரே வருஷத்துல நாலு ஸ்லாமும், அடிக்க வந்த ஜோகோவிச்ச 6-4 6-4 6-4ன்னு அனுப்பினதுல பாதி வேலை அந்த சர்வ்தான். ரிட்டர்ன்லதான் அவன் பின்னாடி நிக்கிறான்.

பால்கனி_டிக்கெட்

சரி சரி, ஒத்தக்கை சொன்னதுல பாதிய ஒத்துக்குறேன், ஒரே மாதிரி ரெண்டு ஆளு ஆடுறதுதான் கொல்லுதுன்னு. ஆனா அப்ப கேள்வி இன்னும் பெருசாகுது. டூர்ல இருக்குற எல்லாருமே ஒரே மாதிரி ஆயிட்டா? ஸ்ட்ரிங்கு ஒண்ணு, கோர்ட்டு ஒண்ணு, அகாடமில சொல்லிக் குடுக்குறதும் ஒண்ணு. ரெண்டு கை பேக்ஹேண்டு, பேஸ்லைன், பெரிய ஃபோர்ஹேண்டு. நம்ம ஊரு ரமேஷ் கிருஷ்ணன் மாதிரி ஒரு ஆளு இன்னிக்கு வந்தா எந்த கோச்சாச்சும் சேத்துப்பானா? அவரு சர்வ்ல வேகமே இருக்காது, பந்த சீக்கிரமா எடுத்து எங்க ஆள் இல்லையோ அங்க வெப்பாரு, அவ்ளோதான், அத வெச்சுகிட்டு 1989 ஆஸ்திரேலியன் ஓப்பன்ல அப்ப நம்பர் ஒன்னா இருந்த விலாண்டர தோக்கடிச்சாரு. இதே நாம பேசிகிட்டு இருக்குற, எத அடிச்சாலும் சுவர் மாதிரி திருப்பி போடுற விலாண்டர! சுவர உடைக்க சுத்தியல்தான் வேணும்னு இல்லங்குறதுக்கு அத விட என்ன உதாரணம். அந்த மாதிரி ஆளுங்க இல்லாததுதான் என் வருத்தம்னு வெச்சுக்கோங்க.

ஸ்ட்ரிங்_மாஸ்டர்

அந்த வருத்தம் எனக்கும் உண்டு தம்பி. ஆனா முழுசா அழிஞ்சு போகல. பின்னாடி போயி நிக்கிறவனுக்கு எதிரா இப்ப டிராப் ஷாட் (நெட்ட ஒட்டி மெதுவா விழ வைக்கிறது) திரும்பி வந்திருக்கு, அதுக்கு காரணமே அந்த பின்னாடி நிக்கிற ஆளுங்கதான். அல்காரஸ் ஃபோர்ஹேண்ட ஸ்லோ மோஷன்ல பாருங்க, தோள் திரும்புறது, ராக்கெட்ட பின்னாடி இழுக்குறது எல்லாம் பலமா அடிக்கப் போற மாதிரியே இருக்கும், எதிராளி அத பாத்து இன்னும் ஒரு அடி பின்னாடி போவான், கடைசி நொடியில கிரிப்ப லேசா மாத்தி பந்துக்கு அடியில வெட்டி விட்டுருவான், நெட்டுக்கு அந்த பக்கம் ரெண்டு தடவ குதிச்சு செத்துப்போகும். 2023 விம்பிள்டன் செமிஃபைனல்ல மெத்வதேவ இப்படித்தான் பந்தாடினான், நடுவுல சர்வ் அண்டு வாலி வேற, 6-3 6-3 6-3. ரெண்டே மாசம், யூஎஸ் ஓப்பன் செமிஃபைனல்ல அதே மெத்வதேவ் அதுக்கு வழி கண்டுபிடிச்சு அவன நாலு செட்டுல அனுப்பிட்டான். ஒருத்தன் பின்னாடி போனா இன்னொருத்தன் முன்னாடி இழுப்பான், திருப்பி அவன் வேற வழி தேடுவான். கோர்ட்டு வேகத்த மட்டும் ஊருக்கு ஊரு வேற வேறயா வெச்சிட்டா போதும், மிச்சத்த ஆடுறவங்களே பாத்துப்பாங்க. அத செய்யத்தான் மாட்டேங்குறாங்க.

கோர்ட்_நம்பர்_ரெண்டு

டிஃபென்ஸ் போர்னு சொல்றவங்க எல்லாருக்கும் ஹோம்வொர்க்: 1989 ஃப்ரெஞ்சு ஓப்பன் நாலாவது ரவுண்டு, சாங் - லெண்டில்.

பையனுக்கு 17 வயசு, எதிர்ல நம்பர் ஒன். ரெண்டு செட்டு போயிருச்சு. கால் பிடிச்சுகிட்டு நடக்க முடியல, உக்காந்தா எந்திரிக்க முடியாதுன்னு சேஞ்ச் ஓவர்ல (பக்கம் மாறுறப்ப கிடைக்கிற இடைவேளை) நின்னுகிட்டே தண்ணி குடிக்கிறான், வாழப்பழம் திங்குறான். அடிக்க தெம்பு இல்லாம பந்த வானத்துக்கு தூக்கி தூக்கி விடுறான், அதாவது சுத்தமான டிஃபென்ஸு, ஒத்தக்கை திட்டுன அதே ரிச்மண்ட் பந்து. லெண்டிலுக்கு மண்ட காஞ்சு போச்சு. அஞ்சாவது செட்டு 4-3, 15-30ல சர்வ் போட கூட இடுப்புல பலம் இல்லாம கீழ இருந்து தட்டி விட்டான், அண்டர்ஆர்ம் சர்வ், லெண்டில் ஆடிப்போயிட்டான், பாயின்ட்டு சாங்குக்கு. மேட்ச் பாயின்ட்டுல லெண்டில் செகண்ட் சர்வ் போடப் போறான், இவன் ரிட்டர்ன் வாங்க நேரா சர்வீஸ் லைன் கிட்டயே வந்து நின்னுட்டான். கூட்டம் சிரிக்குது, லெண்டில் டபுள் ஃபால்ட்டு. 4-6 4-6 6-3 6-3 6-3. அந்த டோர்னமென்ட்டையே ஜெயிச்சுட்டு போனான்.

பால்கனி_டிக்கெட்

இந்த வாரம் பாத்துடறேன். ஆனா அண்டர்ஆர்ம் சர்வ் எல்லாம் டிஃபென்ஸ் கணக்குல சேராது, அது குறும்பு.

தொண்ணூறு_மைல்

குறும்பு எல்லாம் இல்ல, பின்னாடி நிக்கிறவனுக்கு அதான் மருந்து. 2019ல மெக்ஸிகோவுல அகாபுல்கோ டோர்னமென்ட்ல கிர்ஜியோஸ் நடால்கிட்ட அத போட்டான், மேட்ச் பாயின்ட்ட காப்பாத்தி ஜெயிச்சான். மேட்ச் முடிஞ்சு நடால் மரியாதை இல்லாத ஆளுன்னு வருத்தப்பட்டாரு.

ஒத்தக்கை_பேக்ஹேண்ட்

நடால் வருத்தப்பட்டது சர்வ் ஒண்ணுக்காக இல்ல, அவனோட மொத்த நடத்தைக்கும் சேத்து. அண்டர்ஆர்ம் ரூல்ல இருக்குறது, தாராளமா போடலாம். கூட்டமே எதிர்ப்பு காட்டி கத்தினா கத்திட்டு போகட்டும், பின் சுவருகிட்ட நிக்கிறவன் நாலு தடவ முன்னாடி ஓடி வந்தா அஞ்சாவது தடவ தானா ஒரு அடி உள்ள வந்து நிப்பான். அத பத்தி பேசணும்னா தனி த்ரெட் போடுங்க, எனக்கு நிறைய இருக்கு.